மாமாவின் கண்ணுக்கு எலியா, மீனா?

வியாசர்பாடியில் இருக்கும் என் தாய்மாமா, இருட்டிய பிறகு கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக வண்டி ஓட்டுவதை இருபத்தெட்டு வயதிலேயே விட்டுவிட்டார். மாலைக்கண் என்றார்கள். பாட்டி வருடக்கணக்கில் பொன்னாங்கண்ணிக் கீரையும் ஆட்டு ஈரலும் ஆக்கிப் போட்டாள். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணாக இருந்திருந்தால் அதற்குத் தேறியிருக்கும். மாமாவுக்குத் தேறவில்லை. நாற்பதை எட்டுவதற்குள் பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கி, குழாய்க்குள் கண் வைத்துப் பார்ப்பது போல ஆகிவிட்டது. அப்புறம்தான் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சொன்னார்கள், விழித்திரையை மெல்ல அரிக்கும் பரம்பரை நோய். ரத்தம் எடுத்து மரபணுவையும் பார்த்தார்கள். இ.ஒய்.எஸ் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை. தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள். முன்னோர் ஒருவரிடம் இருந்த பிழை இரண்டு பக்கமாகவும் இறங்கி வந்து மாமாவிடம் சேர்ந்திருக்கிறது.

நான் வளர்ந்தது கொளத்தூரில். வண்ண மீன் வாங்க சென்னையின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நடக்கும் பிள்ளைகள் மேல் மோதாமல் தெருவில் போக முடியாது. அப்பா முப்பது வருடமாக மொட்டை மாடியில் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஜீப்ரா என்று குஞ்சு எடுத்து விற்கிறார். நான் விலங்கியல் படித்துவிட்டு, இப்போது விழித்திரை நோய்களின் மரபியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். சேர்ந்ததும் என் கைடு மேடம் கேட்ட முதல் கேள்வி: எதை வைத்துச் செய்யப்போகிறாய்? சுண்டெலியா, மீனா, தட்டில் வளர்க்கிற மனித செல்லா? ஒரு மாதம் டைம் கொடுத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்ததுதான் இது. கொளத்தூர்க்காரன் மீன் பக்கம்தான் சாய்வான் என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டதால், எலிக்காக என்னால் முடிந்த மட்டும் வாதாடிப் பார்த்தேன்.

கேள்வியை முதலில் சரியாகக் கேட்க வேண்டியிருந்தது. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கல் வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். குச்சி செல்லின் முனையில், இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நூற்றுக்கணக்கான சவ்வுத் தட்டுகள் இருக்கும். ஒளியைப் பிடிக்கும் புரதம் அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. இந்த அடுக்கு முழுவதும் செல்லின் உடலோடு ஒரு மெல்லிய காம்பால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கின் அடிப்பாகத்தைச் சுற்றி, மொட்டைத் தாங்கும் புல்லி இதழ்கள் போலச் சின்னச் சின்ன நீட்சிகள் நிற்கின்றன. இ.ஒய்.எஸ் புரதத்துக்கு வேலை இந்த வட்டாரத்தில்தான். அது இல்லாவிட்டால் முதலில் எது உடைகிறது? தட்டடுக்கா, காம்பா, சுற்றி நிற்கும் இதழ்களா? எத்தனை நாளில்? இதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாமாவின் விழித்திரை பிறக்கும்போது சரியாகத்தான் உருவாகியிருந்தது. பள்ளிக்கூட நாட்களில் சாயங்காலம் வெளிச்சம் போகும் வரை கிரிக்கெட் ஆடியவர். அவருடைய கோளாறு உருவாகும்போது வந்ததல்ல, உருவான பிறகு மெல்ல அரித்தது. கண்ணே சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு: விழிக்கோளம் சிறுத்தோ, கருவிழியில் பிளவோடோ, கண் நரம்பே வளராமலோ. இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். எந்த விலங்கு பொருந்தும் என்பதும் இதைப் பொறுத்தே மாறுகிறது. பல கட்டுரைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து மீனைப் புகழ்ந்திருப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் நானும் குழம்பித்தான் போனேன்.

பழ ஈயை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். இந்த மரபணுவுக்கு ஒத்த மரபணு ஈயிடமும் உண்டு. அங்கேதான் முதலில் ஆராயப்பட்டது. ஈயின் கூட்டுக்கண்ணில் ஒளி வாங்கும் தண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வைப்பது அந்தப் புரதம்தான். அது போனால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அழகான விஷயம். ஆனால் ஈயின் ஒளிவாங்கும் செல்லில் காம்பும் கிடையாது, தட்டடுக்கும் கிடையாது. அமைப்பே வேறு. என் கேள்விக்கு ஈ சரிப்படாது.

சரி, சுண்டெலிக்கு வருவோம். எலிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பாலூட்டி, ரத்தக் குழாய், நோய் எதிர்ப்பு எல்லாம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கண் மருந்தை மனிதருக்குப் போடுவதற்கு முன் போட்டுப் பார்க்கிற கண்களில் எலியின் கண்ணும் ஒன்று. பரம்பரையாகக் கண் தெரியாத எலியைப் பற்றி அமெரிக்காவில் கீலர் என்பவர் 1924லேயே எழுதிவிட்டார். ஆர்.டி.1 என்று இன்று அழைக்கப்படும் மரபணுப் பிறழ்வு அது. நூறு வருட அனுபவமும் கருவிகளும் எலிக்குப் பின்னால் நிற்கின்றன. நாய்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆர்.பி.ஈ.65 என்ற மரபணு கெட்டுப் பிறவியிலேயே பார்வையில்லாத பிரியார்டு நாய்களுக்கு மரபணு சிகிச்சை கொடுத்துப் பார்வை வரவழைத்ததை 2001இல் வெளியிட்டார்கள். அதே வழியில் வந்த மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தைச் சோதிக்கும் கட்டத்துக்கு வரும்போது பாலூட்டியின் கண் இல்லாமல் நகர முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சிக்கல்களில் சின்னதை முதலில் சொல்கிறேன். கண் ஆராய்ச்சிக்கு எலி வாங்குகிறவர், வாங்குகிற எலிக்கு முதலில் கண் தெரியுமா என்று பார்க்க வேண்டும். சி3ஹெச், எஃப்.வி.பி போன்ற பெயர்பெற்ற ஆய்வக வகைகள் ஆர்.டி.1 பிறழ்வோடுதான் பிறக்கின்றன. குட்டியாக இருக்கும்போதே குச்சி செல்கள் போய்விடும். உலகம் முழுக்கப் பயன்படும் இன்னொரு வகையில் ஆர்.டி.8 என்ற வேறொரு பிறழ்வு ஒளிந்திருந்தது 2012இல் வெளியே வந்தது. அதற்கு முன்னால் வந்த எத்தனை முடிவுகளை மறுபடி பார்க்க வேண்டியிருந்ததோ. இரண்டாவது, சுண்டெலி இரவில் திரிகிற பிராணி. அதன் ஒளிவாங்கும் செல்களில் கிட்டத்தட்ட 97 சதவீதம் குச்சிதான். கூம்பைப் பற்றிக் கேட்டால் அதனிடம் பதில் கம்மி.

பெரிய சிக்கல் இது: இ.ஒய்.எஸ் மரபணு சுண்டெலியிடம் இல்லவே இல்லை. பெரிய எலியிடமும் இல்லை. பரிணாமத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டு, அது இல்லாமலேயே கண் தெரிந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. இல்லாததை எப்படிக் கெடுத்துப் பார்ப்பது? இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்கு வந்த கோளாறு எலிக்கு வரவே வராதா? குடுத்து வெச்ச எலி மாப்ள அது."

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. காதும் கண்ணும் சேர்ந்து கெடும் அஷர் நோய் என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் வகைக்குக் காரணமான மரபணுக்கள் எலியிடம் உண்டு. அவற்றைக் கெடுத்தால் எலிக்குக் காது போகிறது, தலைசுற்றி வட்டமடிக்கிறது. கண்ணில் மட்டும் மனிதருக்கு வருவது போன்ற அரிப்பு வருவதில்லை. ஏன் என்று பல வருடம் விளங்கவில்லை. 2012இல் ஒரு விளக்கம் வந்தது: மேலே சொன்ன புல்லி இதழ் நீட்சிகள் மனிதரிடம் இருக்கின்றன, குரங்கிடம், தவளையிடம் இருக்கின்றன, எலியிடம் கிட்டத்தட்ட இல்லை. அஷர் புரதங்கள் நிற்க வேண்டிய இடமே அங்கே இல்லை. என் மரபணுவின் வேலையும் அந்த வட்டாரம் என்பதால், நான் எலியைக் கைவிட இது ஒன்றே போதும். பாலூட்டி என்றால் நமக்கு நெருக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தேன். நெருக்கம் என்பது உறுப்புக்கு உறுப்பு, சில சமயம் செல்லின் ஒரு மூலைக்கு மூலை, தனித்தனியாகப் பார்க்க வேண்டிய விஷயமாக இருக்கிறது.

மூன்றாவது வழி, தட்டில் வளர்க்கும் விழித்திரை. ஆர்கனாய்டு என்கிறார்கள். மாமாவின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ செல் எடுத்து, அதைக் கருநிலைச் செல் போல மாற்றி, பிறகு விழித்திரையாக வளர விடுவது. ஜப்பானில் சசாய் குழு 2011இல் எலிச் செல்லிலும் 2012இல் மனிதச் செல்லிலும் கண் கிண்ணம் தானாகவே மடிந்து உருவாவதைக் காட்டியது. மாமாவின் அதே பிழை, அதே மனித மரபணுத் தொகுதி. விலங்கு எதுவும் சாக வேண்டியதில்லை. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது வளர்வது மனித வேகத்தில். ஒளிவாங்கும் செல்லில் முனை அரைகுறையாக முளைக்கவே ஐந்தாறு மாதம் ஆகிறது. தட்டுகள் உயிருள்ள கண்ணில் போல ஒழுங்காக அடுக்கி நிற்பதும் இல்லை. நான் பார்க்க வேண்டியதே அந்த அடுக்குதான். ரத்தக் குழாய் கிடையாது, பின்னால் தாங்கும் நிறமிப் படலம் ஒழுங்காக ஒட்டுவதில்லை, மூளைக்குப் போகும் நரம்புச் செல்கள் நாளாக நாளாகச் செத்துப்போகின்றன. தட்டில் மிதக்கும் அந்த உருண்டையிடம் 'உனக்குத் தெரிகிறதா' என்று கேட்கவும் முடியாது. அப்புறம் செலவு: ஊட்ட திரவமும் வளர்ச்சிக் காரணிகளும் எல்லாம் இறக்குமதி. ஒரு நாள் கிருமி பட்டால் ஆறு மாத உழைப்பு குப்பைத் தொட்டிக்கு. எங்கள் மாதிரிச் சின்ன ஆய்வகம் அதை மட்டும் நம்பி இறங்கினால் தாங்காது. வசதியுள்ள இடத்தோடு கூட்டுச் சேர்ந்து, மீனில் ஏதாவது தென்பட்டால் அதை மனிதச் செல்லில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

இனி மீன். கடைக்காரர் 'ஜீப்ரா' என்று சுருக்கமாகச் சொல்கிற வரி போட்ட சின்ன மீன். கங்கைச் சமவெளியின் வாய்க்காலிலும் வயல் தண்ணீரிலும் திரிகிற நம் நாட்டு மீன்தான். 1822இல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனவர் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்ட்ரைசிங்கர். 1981இல் ஒரே மாதிரியான மரபணு கொண்ட ஜீப்ரா மீன் வரிசைகளை உருவாக்கிக் காட்டினார். பிறகு ஜெர்மனியில் டூபிங்கனிலும் அமெரிக்காவில் பாஸ்டனிலும் ஆயிரக்கணக்கான பிறழ்வு மீன்களைச் சலித்தெடுத்து, 1996 டிசம்பரில் ஒரே இதழில் கட்டுரை கட்டுரையாக வெளியிட்டார்கள். 2013இல் முழு மரபணுத் தொகுதியும் வந்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை இருக்கிறது.

கண் உருவாவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதற்கு ஈடு கிடையாது. இதை நான் கொளத்தூர்க்காரனாகச் சொல்லவில்லை. முட்டை தாய்க்கு வெளியே வளர்கிறது, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. நேற்றுக் காலை இட்ட முட்டையை இன்று காலை எடுத்தால் கண் கிண்ணம் தெரியும். 30 மணி நேரத்துக்குள் முதல் நரம்புச் செல்கள் பிறக்கின்றன. மூன்றாம் நாள் விழித்திரை அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. ஐந்தாம் நாள் அந்தக் குஞ்சு நகரும் கோடுகளைக் கண்ணால் தொடர்கிறது. இதே வேலை எலிக்கு வயிற்றுக்குள் மூன்று வாரம், பிறந்த பிறகு கண் திறக்க இன்னும் இரண்டு வாரம். நடுவில் நடப்பதைப் பார்க்கத் தாயை அறுக்க வேண்டும். மீனிலோ ஒரு பெட்டை ஒரே காலையில் நூறு, இருநூறு முட்டை தரும். பிள்ளைகளில் கால்வாசிக்கு இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும் என்ற கணக்கை ஒரே தட்டில் எண்ணிப் பார்த்துவிடலாம்.

கண் தெரியாத குஞ்சைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுவையான குறுக்கு வழி உண்டு. வெள்ளைத் தரையில் விட்டால் ஜீப்ரா குஞ்சு தன் நிறமியைச் சுருக்கி வெளுத்துக்கொள்ளும். சுற்றுப்புறம் வெளிச்சமாக இருப்பதைக் கண் பார்த்துச் சொன்னால்தான் அது நடக்கும். கண் தெரியாத குஞ்சு இருட்டில் இருப்பதாக நினைத்துக் கருத்தே கிடக்கும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புச் செல்களே உருவாகாத ஒரு பிறழ்வு மீனுக்கு ஜெர்மன்காரர்கள் 'லாக்ரிட்ஸ்' என்று கருப்பு மிட்டாயின் பெயரையே வைத்தார்கள். அதில் கெட்டிருப்பது அடோ7 என்ற மரபணு. அதே மரபணு மனிதரில் கெட்டால் கண் நரம்பு வளராமல் குழந்தை பிறக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். "கருப்பா மந்தமா கிடக்கிற குஞ்சை நாங்க வளராதுன்னு தூக்கிப் போட்டுருவோம்டா" என்றார். முப்பது வருடத்தில் எத்தனை பிறழ்வு மீன்கள் எங்கள் மாடியிலிருந்து சாக்கடைக்குப் போயினவோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

இவ்வளவும் முதல் ஐந்து நாட்களின் கதை. மாமாவின் கதை இருபத்தைந்து வருடம் கழித்துத் தொடங்கியது. மீனின் வேகமும் தெளிவும் என் கேள்விக்கு எவ்வளவு உதவும் என்று கேட்டால், பாதிதான். மெல்ல அரிக்கும் நோயைப் பார்க்க மீனை மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும். அதற்குள் அது தெளிவை இழந்து வரி போட்ட சாதாரண மீனாகிவிடும். ஒளி ஊடுருவும் 'காஸ்பர்' என்ற வகையை 2008இல் உருவாக்கியிருக்கிறார்கள். அதிலும் கண்ணின் பின்படலம் கருப்புதான். கடைசியில் கண்ணை வெட்டி மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும், எலியைப் போலவே.

வேறு குறைகளும் இருக்கின்றன. மீனின் முன்னோரில் ஒருமுறை மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. அதனால் நமக்கு ஒன்று இருக்கும் இடத்தில் அதற்குப் பல சமயம் இரண்டு. ஒன்றைக் கெடுத்தால் மற்றது தோள் கொடுத்து மறைத்துவிடும். மீனின் விழித்திரை ஓரத்தில் ஆயுள் முழுக்கப் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. காயம் பட்டால் விழித்திரையைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் பிரிந்து, போன நரம்புச் செல்களை மறுபடி உண்டாக்கிவிடும். நமக்கு வாய்க்காத வரம்; விழித்திரையை மீட்கும் ஆராய்ச்சிக்காரர்கள் மீனைக் கொண்டாடுவது இதற்காகத்தான். செல் சாவதை எண்ணப்போகிற எனக்கோ இது தலைவலி, கணக்கைக் குழப்பும். ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மட்டும் எண்ணுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்புறம், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுத்தும் நடுப்புள்ளி மீனுக்கும் கிடையாது, எலிக்கும் கிடையாது. அந்தக் கேள்விக்கு இரண்டுமே தோல்விதான்.

இவ்வளவு குறை சொல்லியும் மீனையே எடுக்கக் காரணம்: இ.ஒய்.எஸ் அதனிடம் இருக்கிறது, புல்லி இதழ் நீட்சிகளும் இருக்கின்றன, நான்கு வகைக் கூம்புகளும் குச்சியும் இருக்கின்றன. இந்த மரபணுவைக் கெடுத்த மீன்களைப் பற்றி 2017ஐ ஒட்டிக் கட்டுரைகள் வந்துவிட்டன. முனையில் இருக்க வேண்டிய புரதங்கள் இடம் மாறுகின்றன, செல்லின் உள்சட்டகம் குலைகிறது, கூம்பும் குச்சியும் படிப்படியாகப் போகின்றன. ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. மீனில் கூம்பு முந்திக்கொள்கிறது. மாமாவுக்குப் போல மனிதரில் பெரும்பாலும் குச்சிதான் முதலில். ஏன் இந்தத் தலைகீழ் என்பது எனக்கு இரண்டாவது கேள்வியாகக் கிடைத்தது. ஒருவேளை முதல் கேள்வியைவிட நல்லதாகவும் இருக்கலாம்.

இந்த மரபணு மனிதரில் 20 லட்சம் டி.என்.ஏ எழுத்துக்கு மேல் நீள்கிறது. புரதத்துக்கான பகுதியை மட்டும் எடுத்தாலும் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். கண்ணுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வைரஸ் வண்டியில் ஐயாயிரத்துக்கும் குறைவாகத்தான் ஏற்ற முடியும். ஆர்.பி.ஈ.65க்கு நடந்தது மாமாவுக்கு அப்படியே நடக்காததற்கு இதுதான் காரணம். புரதத்தின் எந்தத் துண்டு இருந்தால் போதும் என்று மீனில் வரிசையாகச் சோதிக்க முடியும். எலியில் அதைச் செய்ய வழியே இல்லை.

மீன் என்று ஆனபின், எப்படிக் கெடுப்பது என்பதில் அடுத்த தேர்வு. 2000இல் வந்த மார்ஃபோலினோ, முட்டைக்குள் ஊசியால் செலுத்தி, மரபணுவை வேலை செய்ய விடாமல் தடுக்கும் ஒரு மூலக்கூறு. மலிவு, மறுநாளே பலன். ஆனால் சில நாளில் நீர்த்துப்போகும், மெல்ல வரும் நோய்க்கு உதவாது. 2015இல் நிரந்தரப் பிறழ்வு மீன்களோடு ஒப்பிட்டபோது மார்ஃபோலினோவில் கண்ட பல குறைகள் உண்மை மீனில் தெரியவில்லை. ஒரு தரப்பு, மார்ஃபோலினோ பொய் சொல்கிறது என்றது. பிறகு கதை திரும்பியது. மரபணு கெட்டு அதன் செய்தி மூலக்கூறு (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) சிதையும்போது, அந்தச் சிதைவே ஒத்த மரபணுக்களைத் தூண்டி ஈடுகட்டச் செய்கிறது என்று 2019இல் காட்டினார்கள். ஆக, நிரந்தரப் பிறழ்வு மீனும் சில சமயம் உண்மையை மறைக்கும். இரண்டு பக்கத்துக்கும் வலி உண்டு.

நான் எடுப்பது, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் வழி. முதல் தலைமுறை மீனில் செல்லுக்குச் செல் வேறு வேறு வெட்டு இருக்கும். அதை நம்பி அவசரமாக எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அது வேண்டாம். ஊசி போட்ட முட்டை வளர்ந்து பெரிதாக மூன்று மாதம், அதன் பிள்ளைகள் பெரிதாகி வால் நுனியை வெட்டி மரபணு பார்க்க இன்னொரு மூன்று மாதம், அவற்றை இணைத்தால்தான் இரண்டு பிரதியும் கெட்ட குஞ்சு. ஈடுகட்டல் வராமல் இருக்க, செய்தி மூலக்கூறே உருவாகாதபடி மரபணுவின் தொடக்கத்தை வெட்டியெடுத்த இன்னொரு வரிசையும் வைத்துக்கொள்ளப்போகிறேன்.

கடைசியில் வீட்டுச் சண்டை. எந்த ஜீப்ரா? கொளத்தூர்க் கடையில் டீ, வடை காசுக்கு ஒரு ஜோடி கிடைக்கும். அதை விட்டுவிட்டு வேறு ஆய்வகத்திலிருந்து பதிவேட்டோடு வரும் ஏ.பி வரிசையை வாங்கப்போகிறேன் என்றதும் அப்பாவுக்குக் கோபம். "நம்ம மீனுக்கு இன்னாடா குறைச்சல்?" குறைச்சல் இல்லைப்பா, ஒன்றுக்கொன்று மரபணு எழுத்து மாறியிருக்கும், கிரிஸ்பர் தேடிப்போகிற இடத்தில் ஒரு எழுத்து மாறினாலும் வெட்டு விழாமல் போகலாம், அப்புறம் மீன் காசநோய், தசையிலும் நரம்பிலும் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணி எல்லாம் கூடவே வரும் என்று விளக்கினேன். அவர் மடக்கினார்: "அந்த ஏ.பி எங்கேர்ந்து வந்துச்சு?" சொன்னால் வெட்கம்தான். 1970களில் ஸ்ட்ரைசிங்கர் ஆரிகனில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கிய மீன்களின் வம்சம் அது. அப்பா வெற்றிச் சிரிப்போடு மீன் தீனிக்கான ஆர்ட்டீமியா டப்பாவைத் திறக்கப் போய்விட்டார். ஏ.பி வரிசையை நான் விடவில்லை. ஆனால் ஊசி போடப் பழகுவதற்கும் பார்வைச் சோதனைக் கருவியைச் சரிபார்ப்பதற்கும் மாடி மீன்களே போதும். முட்டைகளைத் தாய் தின்றுவிடாமல் இருக்கத் தொட்டியின் அடியில் கோலிக் குண்டு பரப்பும் வித்தையை அவரிடம்தான் கற்றேன். ஆய்வகக் கையேட்டிலும் அதுவே இருந்தது.

வட சென்னையில் வைத்துச் செய்வது பற்றி ஒரு வார்த்தை. ஜீப்ராவுக்குப் பிடித்த தண்ணீர் சூடு 28.5 டிகிரி. குளிர்நாட்டில் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் போடுகிறார்கள், இங்கே மே மாதத்தில் குளிரவைக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, ஆர்.ஓ தண்ணீரில் அளந்து உப்புக் கலப்பதே நல்லது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் மின்சாரம் போனபோது அப்பாவின் பெரிய தங்கமீன்கள் காற்றில்லாமல் மிதந்தன, ஜீப்ராக்கள் தாக்குப்பிடித்தன. எலிக்கூடம் என்றால் குளிர்சாதனமும் காற்றுச் சுழற்சியும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. மீனோ எலியோ, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. அந்தப் படிவத்தை மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை மாமாவை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். சோதனைக் கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் டப்பாவின் உள்பக்கம் கருப்பு வெள்ளைக் கோடு போட்ட காகிதம், அதை மெல்லச் சுற்றும் மோட்டார், நடுவில் கெட்டியான திரவத்தில் அசையாமல் நிறுத்திய ஐந்து நாள் குஞ்சு. மாடி மீனின் குஞ்சுதான். அறையின் ஓரத்து நாற்காலியில் முட்டிக்கொண்ட மாமா, மைக்ரோஸ்கோப்பில் குனிந்ததும் ஆச்சரியப்பட்டார். அவருக்கு மிச்சமிருப்பது நடுப்பார்வை மட்டும். மைக்ரோஸ்கோப் காட்டுவதும் அதே அளவு வட்டம்தான். குஞ்சின் கண் கோட்டைத் தொடர்ந்து போய், சட்டென்று திரும்பி, மறுபடி தொடர்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நல்லாத் தெரியுது போலக்கீதே."

"ஆமா மாமா. இது கெடாத மீன்."

"என்னை மாதிரி ஒண்ணை எப்போ காட்டுவே?"

"ஒரு வருஷமாவது ஆகும் மாமா."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.